அந்த 149 ஃப்ரீ த்ரோக்கள்: என்பிஏ கமிஷனருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆடம் சில்வர் அவர்களுக்கு,

வணக்கம்.

என்பிஏ என்ற உங்கள் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் சாதனைப் பட்டியல்களில் ஒன்று, வாழ்நாள் ஃப்ரீ த்ரோ சதவீதத்துக்கானது. எதிரணி விதிமீறும்போது, யாரும் தடுக்காமல் கூடையை நோக்கி எறியக் கிடைக்கும் வாய்ப்புதான் ஃப்ரீ த்ரோ. ஸ்டெஃபன் கரி, ஸ்டீவ் நாஷ், மார்க் பிரைஸ் என்று அந்த வரிசை போகும். அதில் இடம்பிடிக்க ஒரு நிபந்தனை உண்டு. குறைந்தது 1,200 ஃப்ரீ த்ரோக்களைக் கூடைக்குள் போட்டிருக்க வேண்டும். 1990-களில் உங்கள் லீக்கில் ஆடிய மஹ்மூத் அப்துல் ரவூஃப் எறிந்தவை 1,161. உள்ளே போனவை 1,051. வகுத்துப் பார்த்தால் 90.5 சதவீதம். நாஷையும் பிரைஸையும் மயிரிழையில் முந்துகிற கணக்கு. ஆனால் 1,200-க்கு 149 குறைகிறது. அதனால் அவர் பெயர் அங்கே இல்லை.

நிபந்தனையில் தவறு இருப்பதாக நான் சொல்லவில்லை. பத்து எறிந்து பத்தும் உள்ளே போட்டவரையெல்லாம் முதலிடத்தில் வைக்க முடியாது. ஏதோ ஒரு கோடு கிழித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் 1992-93 முதல் 1995-96 வரையிலான நான்கு சீசன்களில் அவர் போட்டது மொத்தம் 720. சீசனுக்குச் சராசரி 180. அந்தக் கணக்கில் 149 என்பது ஒரு முழு சீசனுக்கும் குறைவு. அந்த ஒரு சீசன் அவருக்கு ஏன் வாய்க்காமல் போனது என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

இதைக் கேட்க சென்னையில் இருக்கிற எனக்கு என்ன உரிமை என்று உங்களுக்குத் தோன்றலாம். 2019 அக்டோபரில் சேக்ரமென்டோ கிங்ஸையும் இந்தியானா பேசர்ஸையும் மும்பைக்கு அழைத்துவந்து ஆடவைத்து எங்களையும் ரசிகர் கணக்கில் சேர்த்துக்கொண்டது நீங்கள்தான். விடிகாலையில் எழுந்து காபி டம்ளரோடு உங்கள் ஆட்டங்களைப் பார்க்கிறவர்கள், போகப் போகப் பழைய கணக்குகளையும் புரட்டிப் பார்ப்பார்கள் அல்லவா?

கதை உங்களுக்குத் தெரியும். இந்த மடலை வாசிக்கப்போகும் தமிழர்கள் பலருக்குத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிட்டு வருகிறேன்.

மிசிசிப்பி மாநிலத்தின் கல்ஃப்போர்ட் என்ற கடலோர ஊரில், 1969 மார்ச் 9 அன்று பிறந்தவர். அப்போது பெயர் கிறிஸ் ஜாக்சன். அப்பாவைத் தெரியாது, அம்மா தனியாளாக வளர்த்தார், வறுமை. இதோடு டூரெட் நோய்க்குறி. தலை தானாக வெட்டும், தொண்டையிலிருந்து தானாகச் சத்தம் வரும். பள்ளிக்கூடத்தில் சிறப்பு வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். தனக்கு என்னதான் கோளாறு என்று அவருக்கே தெரிய வந்தபோது வயது 17. ஷூ லேஸைக் கட்டினால், மனதுக்குச் சரியென்று படும்வரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியாக வேண்டும். அதே பிடிவாதம் பந்திலும் வந்து உட்கார்ந்துகொண்டது. பந்து வளையத்தில் படாமல் வலையை மட்டும் உரசி இறங்க வேண்டும். அந்த 'ஸ்விஷ்' சத்தமும் அவர் காது ஒப்புக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும். அப்படித் தொடர்ந்து பத்து விழுந்தால்தான் அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம். ஒன்பதாவது லேசாக வளையத்தில் பட்டுவிட்டு உள்ளே போனாலும் செல்லாது, திரும்பவும் ஒன்றிலிருந்து. கைவலிக்க எறிந்து, எரிச்சலில் அழுதுகொண்டே இன்னும் எறிந்த நாள்களைப் பற்றி அவர் பின்னாளில் பேசியிருக்கிறார். அந்தப் பயிற்சியை யாரும் அவர்மேல் சுமத்தவில்லை. நோயே பயிற்சியாளராக நின்று வேலை வாங்கியது.

1993-94 சீசனில் அவர் எறிந்த 229 ஃப்ரீ த்ரோக்களில் 219 உள்ளே போயின. பிசகியவை பத்தே பத்து. 95.6 சதவீதம். 1980-81-இல் கால்வின் மர்ஃபி எட்டிய 95.8 அன்றைக்குச் சாதனையாக இருந்தது. பிசகிய பத்தில் ஒன்றே ஒன்று விழுந்திருந்தால் அது உடைந்திருக்கும். இந்த மனிதரின் வாழ்க்கையில் நூலிழையில் தவறிய கணக்குகள் கொஞ்சம் அதிகம்தான்.

கல்லூரிக் காலத்தை விரித்துச் சொல்லப்போவதில்லை. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவராக ஆட்டத்துக்குச் சராசரி 30.2 புள்ளிகள். புதுமுக மாணவர் ஒருவர் அப்படி அடித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. அடுத்த ஆண்டு அதே அணியில் ஷகீல் ஓ'நீல் வந்து சேர்ந்தார். அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1990-இல், டென்வர் நகெட்ஸ் அவரை மூன்றாவது ஆளாக எடுத்துக்கொண்டது. 1991-இல் இஸ்லாத்தைத் தழுவினார். 1993-இல் பெயரை மாற்றிக்கொண்டார். அதே 1992-93 சீசனில் லீக்கிலேயே அதிகம் முன்னேறிய ஆட்டக்காரர் என்ற விருதும் வந்தது.

ஆறடி ஒரு அங்குலம். உங்கள் லீக்கில் அது குள்ளம். ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டே வந்து, எதிராளி கையைத் தூக்கும் முன் எறிந்துவிடுவார். 1995 டிசம்பர் 7 அன்று யூட்டா ஜாஸுக்கு எதிராக 51 புள்ளிகள். 1996 பிப்ரவரியில் மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ புல்ஸ் தொடர்ந்து 18 ஆட்டங்களை வென்றுவிட்டு டென்வருக்கு வந்தது. 72 வெற்றி, 10 தோல்வி என்று சரித்திரத்தில் நின்றுவிட்ட அந்த அணியின் பத்துத் தோல்விகளில் ஒன்று அங்கே நடந்தது. அப்துல் ரவூஃப் அன்று அடித்தது 32. இருபது வருஷம் கழித்து ஸ்டெஃபன் கரியைப் பார்த்து உலகமே வாய்பிளந்தபோது, அந்த புல்ஸ் அணியின் பயிற்சியாளராக இருந்த ஃபில் ஜாக்சனுக்கு நினைவுக்கு வந்தது இவர் முகம்தான். அதை அவர் பொதுவெளியிலேயே எழுதினார்; அதற்காகக் கிண்டலும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்த புல்ஸ் ஆட்டத்துக்கு அடுத்த மாதம்தான் எல்லாம் கவிழ்ந்தது.

அந்த சீசனில் மாதக்கணக்காகவே அவர், ஆட்டத்துக்கு முன் இசைக்கும் அமெரிக்க தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பதில்லை. சில நாள் லாக்கர் ரூமிலேயே இருந்துவிடுவார். சில நாள் ஓரமாக உட்கார்ந்து உடம்பை முறுக்கிக்கொண்டிருப்பார். அறிக்கை விடவில்லை, யாரையும் உடன் சேர்க்கவில்லை, கேமராவைத் தேடவில்லை. அணிக்குத் தெரியும். ஆட்சேபம் எழவில்லை. உள்ளூர் வானொலியில் யாரோ பேச்செடுக்க, நிருபர்கள் வந்து கேட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னார். அந்தக் கொடி பலருக்கு ஒடுக்குமுறையின் சின்னம், இந்த நாட்டின் வரலாறு அப்படி, இறைவனுக்கு முன் என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றார். எழுந்து நிற்பவர்களைக் குறை சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். பின்பாதியை நாடு காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

1996 மார்ச் 12 அன்று லீக் அவரை சஸ்பெண்ட் செய்தது. ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் கீதத்தின்போது வரிசையாக, கண்ணியமாக நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை மீறிவிட்டார் என்பது காரணம். ஆடாமல் போகும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 31,707 டாலர் சம்பளம் பிடித்தம். ஆட்டக்காரர் சங்கம் அவர் பக்கம் நின்றது. இரண்டே நாளில் சமரசம் ஏற்பட்டது: எழுந்து நிற்பார், ஆனால் தலைகுனிந்து தன் பிரார்த்தனையைச் செய்துகொள்வார். மார்ச் 15 அன்று சிகாகோவில் திரும்ப ஆடினார். கீதம் தொடங்கியதும் எழுந்தார், துஆ கேட்பவர்கள் ஏந்துவதுபோல இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு நேரே ஏந்தினார், கண்ணை மூடி உதடசைத்தார். ஒடுக்கப்படுகிறவர்களுக்காகப் பிரார்த்திப்பேன் என்று முன்பே சொல்லியிருந்தார். சுற்றிலும் கூட்டம் ஊளையிட்டது. விதிப்படி நின்றவரைப் பார்த்துத்தான் ஊளை.

டென்வரில் இன்னும் அசிங்கமாக ஒன்று நடந்தது. ஒரு வானொலி நிலையத்து ஆள்கள் பள்ளிவாசலுக்குள் புகுந்து கொம்பு வாத்தியத்தில் தேசிய கீதத்தை ஊதினார்கள். அதை வேடிக்கை நிகழ்ச்சியாக ஒலிபரப்பினார்கள். கூடைப்பந்துக்கும் அந்தப் பள்ளிவாசலில் தொழ வந்தவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

சீசன் முடிந்ததும், ஜூன் மாதம், டென்வர் அவரை சேக்ரமென்டோவுக்குத் தள்ளிவிட்டது. ஆட்டத்துக்கு 19.2 புள்ளியும், சக ஆட்டக்காரர் கூடை போட வழிசெய்யும் 6.8 அசிஸ்டும் தந்த 27 வயதுக்காரர் அவர். அந்த சீசனில் லீக்கிலேயே ஃப்ரீ த்ரோ சதவீதத்தில் முதலிடமும் அவருக்குத்தான். பதிலுக்கு டென்வர் வாங்கிக்கொண்டது, காயங்களால் தளர்ந்து ஓய்வை நெருங்கிவிட்ட சருனாஸ் மார்ச்சுலியோனிஸையும் ஓர் இரண்டாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்பையும். சேக்ரமென்டோவில் முதல் ஆண்டு 13.7 புள்ளி. இரண்டாம் ஆண்டு 31 ஆட்டம்தான் இறக்கினார்கள். அந்த 31 ஆட்டங்களில் அவருக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோக்கள் 16. பதினாறும் உள்ளே.

1998-இல் ஒப்பந்தம் முடிந்தது. வயது 29. ஓர் அணிகூட 'வந்து ஒருமுறை எறிந்து காட்டு' என்று கூப்பிடவில்லை. துருக்கிக்குப் போனார். 2000-01-இல் வான்கூவர் கிரிஸ்லீஸ் 41 ஆட்டங்களுக்கு இடம் கொடுத்தது. அதோடு என்பிஏ வாழ்க்கை முடிந்தது. 2001-இல் மிசிசிப்பியில் அவர் கட்டிய வீடு எரிந்துபோனது. அதற்கு முன்பே அந்த இடத்தில், வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானைக் குறிக்கும் கேகேகே என்ற எழுத்துகளைக் கிறுக்கி வைத்திருந்தார்கள். பிறகு ரஷ்யா, இத்தாலி, கிரீஸ், சவூதி அரேபியா என்று ஊர் ஊராக ஆடி, நாற்பதைத் தாண்டியும் ஜப்பானின் கியோட்டோ அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். 2017-இல் முன்னாள் ஆட்டக்காரர்களுக்கான பிக்3 லீக் தொடங்கியபோது, 48 வயதில் அதிலும் இறங்கினார். இப்படிப்பட்டவருக்கு 29 வயதில் ஆட்டம் தீர்ந்துவிட்டது என்று உங்கள் அணிகள் ஒட்டுமொத்தமாக முடிவுகட்டியது எப்படி?

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். லீக் தனியார் அமைப்பு. அமெரிக்க அரசியல் சட்டத்தின் பேச்சுரிமைப் பிரிவு அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், முதலாளியை அல்ல. சரி. விதி முன்பே இருந்தது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர். அதுவும் சரி. ஹக்கீம் ஒலாஜுவான் போன்ற மதிப்புமிக்க முஸ்லிம் ஆட்டக்காரரே அவர் கருத்தை ஏற்கவில்லை. உண்மை. சேக்ரமென்டோவில் அவர் ஆட்டம் இறங்கியது என்பதையும் மறைக்க முடியாது. அந்த முதல் ஆண்டு ஃப்ரீ த்ரோவே 84.6-க்குச் சரிந்தது. அணிகள் கூடிப் பேசி அவரை ஒதுக்கின என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு ஆதாரமும் என்னிடம் கிடையாது. இப்படி ஒதுக்குகிறவர்கள் எழுதி வைத்துக்கொண்டா ஒதுக்குவார்கள்? 1991-இல் வெள்ளை மாளிகைக்கு டஷிக்கி என்ற ஆப்பிரிக்க உடையில் போய், கறுப்பினத்தவரின் நிலைமை பற்றி ஜனாதிபதி புஷ்ஷுக்குக் கடிதம் கொடுத்த புல்ஸ் ஆட்டக்காரர் கிரெய்க் ஹாட்ஜஸும் மறுவருஷம் வேலையிழந்தார். அவர் வழக்குப் போட்டார், தள்ளுபடியானது. அந்த வழியில் போய்ப் பயனில்லை என்பதால் சதிக் கணக்கை விட்டுவிடுகிறேன்.

லீக் கையெழுத்திட்டுச் செய்த ஒரு காரியத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்: மார்ச் 12-ஆம் தேதியின் அந்தத் தண்டனை. அதைக் கொடுத்தது டேவிட் ஸ்டெர்னின் நிர்வாகம், நீங்கள் அல்ல. அவர் 2020-இன் முதல் நாள் காலமாகிவிட்டார். நாற்காலி உங்களுடையது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் நல்ல முடிவுகள் எடுத்ததையும் பார்த்திருக்கிறேன். 2014-இல் பதவிக்கு வந்த மூன்றாவது மாதமே, இனவெறிப் பேச்சுக்காக ஓர் அணியின் முதலாளியை, டொனால்ட் ஸ்டெர்லிங்கை, ஆயுள் முழுக்கத் தடை செய்தீர்கள். 2019-இல் மும்பை ஆட்டங்கள் நடந்த அதே நாள்களில், ஹூஸ்டன் அணியின் மேலாளர் டேரல் மோரி ஹாங்காங் போராட்டக்காரர்களை ஆதரித்து ட்வீட் போட்டார். சீனத் தொலைக்காட்சி உங்கள் ஒளிபரப்பையே நிறுத்தியது. ஆரம்பத்தில் லீக் கொஞ்சம் தடுமாறினாலும், அவருடைய பேச்சுரிமைக்குத் துணை நிற்பதாக நீங்கள் சொன்னீர்கள். பெரும் பணம் போயிற்று, பரவாயில்லை என்றிருந்தீர்கள்.

பிறகு 2020 ஜூலை 30. ஆர்லாண்டோவில் கொரோனாவுக்காக வேலி போட்ட வளாகம், கோர்ட்டின் தரையிலேயே கறுப்பர் உயிர்களும் முக்கியம் என்ற முழக்கம். யூட்டா ஜாஸ், நியூ ஆர்லியன்ஸ் பெலிகன்ஸ் ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் கீதம் ஒலிக்கும்போது மண்டியிட்டார்கள். இந்தத் தனித்த சூழலில், எழுந்து நிற்க வேண்டும் என்ற நீண்டகால விதியை அமல்படுத்தப்போவதில்லை என்று அன்றே அறிவித்தீர்கள். மறுநாள் ஆர்லாண்டோ மேஜிக் அணி மண்டியிட்டபோது ஜோனதன் ஐசக் மட்டும் எழுந்து நின்றார். அவர்மீதும் நடவடிக்கை இல்லை. மண்டியிட்டவர்களும் ஆடினார்கள், நின்றவரும் ஆடினார். ஒரு லீக் இதைவிடக் கௌரவமாக நடந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன்.

அப்படியானால் விதி? 2017-இல், கீதத்தின்போது மண்டியிட்ட அமெரிக்கக் கால்பந்து வீரர்களை ட்ரம்ப் ஏசிக்கொண்டிருந்த நேரத்தில், இந்த விதியைத் தளர்த்தும் அதிகாரம் அணிகளுக்கு இல்லை என்று உங்கள் அலுவலகம் சுற்றறிக்கை அனுப்பியது. 2020-இல் தளர்த்தினீர்கள். 2021 பிப்ரவரியில் டல்லஸ் அணி கீதத்தையே நிறுத்திவிட்டது தெரியவந்ததும், எல்லா அணிகளும் இசைத்தே ஆக வேண்டும் என்றீர்கள். விதியை நீக்கியதாக ஓர் அறிவிப்பு மட்டும் இதுவரை வரவில்லை. நூறு பேர் சேர்ந்து மீறினால் மரியாதை, ஒருவர் தனியாக மீறினால் 31,707 டாலர் என்றால், ஆளுக்கொரு நீதி ஆகிவிடுகிறது. நாளைக்கு எங்கோ ஒரு பெஞ்சின் கடைசியில் இருக்கிற, பெரிய பெயரில்லாத ஒருவன் வேறொரு காரணத்துக்காக, உங்களுக்கும் எனக்கும் பிடிக்காத காரணமாகவே இருக்கட்டும், உட்கார்ந்துகொண்டால் அவனுக்கு 1996 கிடைக்குமா, 2020 கிடைக்குமா?

அதனால் என் கோரிக்கை இவ்வளவுதான். கீதத்தின்போது நின்றாக வேண்டும் என்ற விதியை எடுத்துவிடுங்கள். நிற்க விரும்புகிறவர்கள், அவர்கள்தான் எப்போதும் பெரும்பான்மை, விதி இல்லாமலும் நிற்பார்கள். கூடவே, 1996 மார்ச்சில் கொடுத்த தண்டனையை லீக் திரும்பப் பெறுகிறது என்று லீக் முத்திரையோடு ஒரு பக்கம் எழுதுங்கள். பிடித்த பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். 31,707 டாலர் உங்கள் லீக்குக்கு ஒரு நாள் செலவில் தூசி. ஆனால் கணக்குப் புத்தகத்தில் அது வரவாகவே இருக்கும்வரை, லீக் அந்தத் தண்டனையைச் சரியென்றுதான் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

விழா வேண்டாம். இடைவேளையில் அவரை நடுக்கோர்ட்டுக்குக் கூப்பிட்டுச் சட்டகம் போட்ட ஜெர்சியைக் கையில் கொடுத்து, பின்னணியில் உருக்கமான இசையை ஓடவிட்டுக் கைதட்டுகிற வேலையும் வேண்டாம். அவருடைய பல்கலைக்கழகம் 2020-இல் அவரது 35-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று முடிவுசெய்து அந்த மரியாதையைச் செய்துவிட்டது. அவர்கள் தண்டித்தவர்கள் அல்ல, அவர்களுக்கு விழா பொருந்தும். தண்டித்தவர்கள் செய்ய வேண்டியது எழுத்து வேலை.

ஃப்ரீ த்ரோ பட்டியலில் அவரைச் சேர்க்கச் சொல்லவில்லை. 1,200 என்றால் 1,200-தான். அவரும் அதைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன். ஒன்பதாவது பந்து லேசாக வளையத்தில் பட்டதற்கே முதலிலிருந்து எண்ணியவர். உங்கள் லீக் தன் பக்கத்துக் கணக்கைச் சரிசெய்தால் போதும்.

உங்களிடமிருந்து பதில் வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டாலும், அடுத்த சீசனுக்கான விதிப்புத்தகம் வெளியானதும் அந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பேன். இருந்தால் மறுபடியும் எழுதுவேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு கூடைப்பந்து ரசிகன்